இணைந்துள்ள சாதனங்கள்: ஏழு

உள்ளே எதையும் தொடாதீங்க மேடம்,
தொட்டா நான் பர்கூர்ல இருந்து வரணும்
என்று சொல்லித்தான் போனார் திம்மராயன்,
தெருப்பக்கச் சுவரில் பெட்டியை அறைந்துவிட்டு.
அந்தச் சுவர் வேண்டாம், மேசை இந்தப் பக்கம் என்றேன்.
இங்கதான் நல்லாப் பிடிக்கும் என்றார்.
யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனி மாதம்.
காவேரிப்பட்டணத்தில் பாலக்கோடு சாலை நெடுக
கூழ் ஆலை வாசலுக்கு மாங்காய் லாரிகள் வரிசை.
வெந்த பழத்தின் வாடை கொசுவலைக்குள்ளும் வந்து படுக்கிறது.
நான் டெக்ஸாஸில் யாருக்கோ முழங்கால் அறுத்த கணக்கை
எண்களாக மாற்றி அனுப்புகிறவள்.
விடிவதற்குள் எண்பது கோப்பு.
ஒரு வாரமாக, ஒன்று பத்தானால்
கோப்பு ஏறாமல் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது,
மாவு போடாத கிரைண்டர் மாதிரி.

அதனால் தொட்டேன்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, ஒன்று:
தெருவே இல்லாத ஒரு கதவிலக்கம்.
பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
பூட்டின் மேலேயே சாவியை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.
உள்ளே முகவரியைக்கூட
குத்தகைக்குத்தான் விடுகிறார்கள், ஒரு நாளைக்கு.

இணைந்துள்ள சாதனங்கள்: ஏழு.
என் மடிக்கணினி. என் போன். யோகிதாவின் டேப். டிவி.
ஒன்று போதாதென்று மாமனார் வைத்திருக்கும் இரண்டு.
ஏழாவதுக்குப் பெயரில்லை.
பன்னிரண்டு எழுத்தும் எண்ணும், நடுநடுவே இரட்டைப் புள்ளி.
வந்த நேரம் 1:08.

வெளியேற்று என்பதை அழுத்தப் போய்
வேறெதையோ அழுத்தினேன்.
இணைப்பு வகை மாறியது. சேமிக்கவா என்றது.
பதற்றத்தில் சேமித்தும் விட்டேன்.
பச்சை விளக்கு சிவந்த அதே நொடி
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்:
ஹலோ. ஹலோ. இருக்கியா? கேக்குதா?

ஜன்னலைத் திறந்தேன்.
பழக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள்,
ஆலை கொடுத்த நீலத் தொப்பியோடு,
முழங்கை வரை மஞ்சள்.
ஒரு விரல் மட்டும் துடைத்த சுத்தம், திரையைத் தொட.
போனை என் சுவரில் ஒட்டிப் பார்க்கிறாள்,
தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கிறாள்.
என்னைக் கண்டதும் அதை மடியில் கவிழ்த்துவிட்டு
டைம் என்னங்க என்கிறாள்.

மறுநாள் திம்மராயன் வந்தார்.
நான் கெடுத்ததைச் சரிசெய்ய அவருக்கு நான்கு நிமிடம்.
ஏழாவது யாரு என்றேன்.
ஒயரைப் பல்லில் கடித்து உரித்தபடியே சொன்னார்:
தங்கச்சிங்க. சைத்ரா. நைட்டு இடைவேளை அரை மணி.
மாப்பிள்ளை மஸ்கட்ல, அவருக்கும் அப்பதான் வேலை முடியும்.
ஆலைக்குள்ள டவர் எடுக்காது.
எடுத்துடறேன் மேடம் என்று பெட்டியை நோக்கிக் கை நீட்டினார்.

மாசம் ஐம்பது ரூபாய் குறைங்க என்றேன்.
பில்லு கம்பெனி போடுறது மேடம்.
அப்போ என் மேசை வரைக்கும் தனியா ஒரு ஒயர் இழுங்க,
காசு கிடையாது.
இழுத்தார். ஆணிக்குக்கூட வாங்கவில்லை.

இன்று இரவு என் கோப்புகள் ஒயரில் ஏறுகின்றன.
ஏழாவதுக்கு வேக வரம்பு ஒன்று வைத்தேன்,
வள்ளல் ஒன்றும் இல்லை நான்.
பெயர் வைக்கவும் ஒரு கட்டம் இருந்தது.
சைத்ரா என்று அடித்தேன். தமிழ் எழுத்து செல்லாது என்றது.
ஆங்கிலத்தில் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

மாற்றம் நடப்புக்கு வர
ஒருமுறை அணைந்து எரிய வேண்டுமாம் பெட்டி.
இப்போதா, பிறகா என்கிறது.

மணி ஒன்று பதினேழு.
சுவருக்கு அந்தப் பக்கம்
சண்டை சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது.
போன மாதம் அனுப்பியதில் இரண்டாயிரம் குறைகிறதாம்,
யாருக்குக் கொடுத்தாய் என்கிறாள்,
அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிறகு.